39 இலக்கங்கள்: எடுவார்ட் லூகாஸ் தனியாகக் கணித்த எண்

போன தை மாதம் பரிஸிலிருந்து வந்த சித்தி அக்காவின் மகனுக்கு ஒரு மரப்பெட்டி கொண்டுவந்தா. சொக்லேட் இல்லை என்று தெரிந்ததும் அவனுக்கு முகம் வாடிவிட்டது. பெட்டிக்குள் ஒரு பலகை, அதில் நிமிர்ந்து நிற்கும் மூன்று தடிகள், நடுவில் துளையிட்ட ஏழு வட்டுகள். பெரியது அடியிலும் சிறியது உச்சியிலுமாக எல்லாம் ஒரு தடியில் கோர்த்திருந்தன. அந்த அடுக்கை அப்படியே இன்னொரு தடிக்கு மாற்ற வேண்டும். ஒரு தடவையில் ஒரு வட்டைத்தான் எடுக்கலாம். சிறிய வட்டின் மேல் பெரியதை வைக்கக் கூடாது. விதி இவ்வளவுதான்.

இரண்டு நாளில் மாற்றி முடித்துவிட்டான். மூன்றாம் நாள், ஆகக் குறைந்தது எத்தனை நகர்த்தலில் இதை முடிக்கலாம் என்று என்னிடம் கேட்டான். ஊடகக் கற்கைகள் படித்த எனக்குக் கணிதம் சாதாரண தரத்தோடு முடிந்த விசயம். ஆனாலும் இருவருமாக விறாந்தையில் இருந்து எண்ணிப் பார்த்தோம். ஒரு வட்டென்றால் ஒரு நகர்த்தல். இரண்டென்றால் மூன்று. அடியில் உள்ள பெரிய வட்டை நகர்த்த வேண்டுமென்றால் முதலில் மேலே உள்ள எல்லாவற்றையும் ஒரு பக்கம் மாற்ற வேண்டும், பிறகு பெரியதை வைத்துவிட்டு மற்றதெல்லாவற்றையும் திரும்ப அதன்மேல் கொண்டுவர வேண்டும். அதாவது முந்திய எண்ணிக்கையை இரட்டித்து ஒன்றைக் கூட்டினால் சரி. 1, 3, 7, 15, 31, 63, 127. ஏழு வட்டுக்கு 127 நகர்த்தல்கள்.

அன்றிரவு இந்த விளையாட்டை யார் செய்தது என்று தேடினேன். ஹனோய் கோபுரம் என்று பெயர். 1883இல் பிரான்ஸில் விற்பனைக்கு வந்தது. ஆக்கியவர் எடுவார்ட் லூகாஸ் என்ற கணித ஆசிரியர். எண்களைப் பற்றிப் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர். அவரைப் பற்றி வாசித்துக்கொண்டு போகையில் இரண்டு இடங்களில் நின்றுவிட்டேன். ஒன்று, அவர் ஆட்லறி அதிகாரியாகப் போரில் நின்றவர் என்ற வரி. மற்றது ஓர் எண். அது இதுதான்:

170141183460469231731687303715884105727

39 இலக்கங்கள். அந்த விளையாட்டை 127 வட்டுகளோடு ஆடினால் தேவைப்படும் நகர்த்தல்களின் எண்ணிக்கை இது. விளையாட்டைச் செய்வதற்கு ஏழு வருடங்களுக்கு முன்பே, 1876இல், இது ஒரு முதன்மை எண் என்று லூகாஸ் அறிவித்திருந்தார். 1 ஆலும் தன்னாலும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண். தமிழ்நாட்டில் பகா எண் என்பார்கள். எந்தக் கணிப்பு இயந்திரத்தின் உதவியும் இல்லாமல் மனிதர் ஒருவர் கண்டறிந்த மிகப் பெரிய முதன்மை எண் இன்றைக்கும் இதுதான்.

போருக்கு முன்னும் பின்னும்

லூகாஸ் 1842 ஏப்ரல் 4ஆம் திகதி பிரான்ஸின் வடக்கிலுள்ள ஆமியான் நகரில் பிறந்தார். பரிஸில், நாட்டின் மிகச் சிறந்த ஆசிரியர்களை உருவாக்கிய உயர் கல்லூரியான எக்கோல் நோர்மாலில் படித்தார். படிப்பு முடிந்ததும் பரிஸ் வானியல் அவதான நிலையத்தில் வேலை. அப்போது அதற்குத் தலைவராக இருந்தவர் லெ வெரியே. நெப்ரியூன் என்ற கோள் எங்கே இருக்க வேண்டும் என்பதை, தொலைநோக்கியில் ஒருவரும் அதை இனங்காண்பதற்கு முன்பே, பேனையாலும் தாளாலும் கணித்துச் சொன்னவர். யுரேனஸ் தன் பாதையில் சற்று விலகி ஓடுவதை வைத்து, அதை இழுக்கும் இன்னொன்று இருந்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தார். 1846இல் அவர் சொன்ன இடத்துக்கு மிக அருகிலேயே அது இருந்தது. கண்ணால் காணாததைக் கணக்கால் உறுதிப்படுத்தலாம் என்பதற்கு அந்தக் காலத்தில் இதைவிடப் பெரிய சான்று இருக்கவில்லை. இளம் லூகாஸ் வேலை பழகியது அந்த மனிதரின் கீழ்.

1870 யூலையில் பிரான்ஸ், பிரஷ்யா மீது போர் அறிவித்தது. லூகாஸ் ஆட்லறி அதிகாரியாகப் போனார். ஏழு கிழமைக்குள் செடான் என்ற இடத்தில் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் தன் படையோடு சரணடைந்தார். செப்டெம்பரில் பரிஸ் முற்றுகையிடப்பட்டது. நான்கு மாதத்துக்கு மேல் நீடித்த முற்றுகையில் நகர மக்கள் குதிரைகளையும், பிறகு எலிகளையும், கடைசியில் மிருகக்காட்சிச்சாலை யானைகளையும் தின்னும் நிலைக்கு வந்தார்கள். 1871 ஜனவரியில் நகரம் வீழ்ந்தது. அல்சாஸின் பெரும்பகுதியும் லொறேனின் ஒரு பகுதியும் பறிபோயின. தோற்ற நாடு 500 கோடி பிராங்க் தண்டமும் கட்ட வேண்டியிருந்தது.

ஆட்லறி என்ற சொல்லைக் கண்டதும் ஏன் வாசிப்பை நிறுத்தினேன் என்று எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வன்னியில் என் வயதுக்காரர் எல்லோரும் எண்ணப் பழகியவர்கள். தூரத்தில் குத்தும் சத்தம் கேட்டால் எண்ணத் தொடங்குவோம். விழும் சத்தம் கேட்டால்தான் எண்ணுவதை நிறுத்துவோம். பங்கருக்குள் அம்மாவின் கை என் தலையில் இருக்கும். எண்ணிக்கை நீண்டால் அது எங்களுக்கில்லை என்று ஒரு நம்பிக்கை. அப்படிப்பட்ட ஒருத்தி ஓர் ஆட்லறி அதிகாரியைப் பற்றி எழுதலாமா என்று இரண்டு கிழமை யோசித்தேன். பிறகு, அவர் போருக்குப் பின் என்ன செய்தார் என்பதைப் பார்த்து எழுதுவதென்று முடிவு செய்தேன்.

போர் முடிந்ததும் லூகாஸ் அவதான நிலையத்துக்குத் திரும்பவில்லை. பிரான்ஸின் நடுப்பகுதியிலுள்ள மூலான் என்ற சிறிய நகரத்தில் பாடசாலை ஆசிரியரானார். அங்கேயிருந்த காலத்தில், 1875இல், ஒரு கணித சஞ்சிகையில் ஒரு கேள்வியைப் போட்டார். பீரங்கிக் குண்டுகளை அந்தக் காலத்தில் சதுரக் கூம்பாக அடுக்கி வைப்பார்கள். உச்சியில் ஒன்று, அதற்குக் கீழே நான்கு, அதற்குக் கீழே ஒன்பது, பிறகு பதினாறு என்று போகும். அப்படி அடுக்கிய குண்டுகளை அவிழ்த்து நிலத்தில் ஒரே சதுரமாகப் பரப்பக்கூடியதாக எப்போது இருக்கும் என்பது கேள்வி. ஒரு குண்டு என்ற அற்பமான நிலையை விட்டால், 24 அடுக்கு உயரமான கூம்பு ஒன்றுதான் அப்படி அமையும் என்றார். அதில் 4,900 குண்டுகள். 70 நிரை, நிரைக்கு 70. வேறு எந்த உயரத்திலும் அது நடக்காது. அவர் சொன்னது சரிதான் என்பதற்கு முழு நிறுவல் 1918இல்தான் கிடைத்தது.

இதை வாசித்தபோது அவர் மீதான என் கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்து வருடங்களுக்கு முன் படைக்களத்தில் நின்ற ஒருவர் குண்டுகளை மீண்டும் எண்ணுகிறார், இந்தத் தடவை அவை எங்கும் போய் விழவில்லை என்பது மனதில் நின்றது.

ஒரு பாதிரியாரின் பட்டியல்

முதன்மை எண்களை நான் படித்தது இடம்பெயர்ந்த பாடசாலை ஒன்றில், ஒரு மரத்தின் கீழ். கரும்பலகை இல்லை. ஆசிரியர் பழைய கலண்டரின் பின்பக்கத்தில் 1 முதல் 100 வரை எழுதி, இரண்டின் மடங்குகளை வெட்டச் சொன்னார். பிறகு மூன்றின் மடங்குகள், ஐந்தின் மடங்குகள், ஏழின் மடங்குகள். வெட்டாமல் மிஞ்சிய 25 எண்கள்தான் 100க்குள் உள்ள முதன்மை எண்கள். 1ஐ ஏன் சேர்ப்பதில்லை என்று கேட்டதற்கு ஒரு முழுப் பாடவேளை விளக்கினார்.

சிறிய எண்களுக்கு இந்த வெட்டும் வழி போதும். எண் பெரிதாகப் பெரிதாக அது கையை விட்டுப் போய்விடும். அதனால் கணித அறிஞர்கள் ஒரு தனிக் குடும்பத்தைப் பிடித்துக்கொண்டார்கள்: சில இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வந்த விடையில் ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் எண்கள். ஹனோய் கோபுரத்தில் நாங்கள் எண்ணிய 3, 7, 15, 31, 63, 127 என்பவையே அவை. எத்தனை இரண்டுகள் என்பதை அடுக்கு என்று சொல்வோம். அடுக்கு பகுபடும் எண்ணாக இருந்தால் விடையும் பகுபடும். அடுக்கு 4 என்றால் 15, அடுக்கு 6 என்றால் 63. எனவே அடுக்கு முதன்மை எண்ணாக இருக்க வேண்டும். அதுவும் போதாது. அடுக்கு 11க்கு வருவது 2047. அது 23 × 89.

1644இல் மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் ஒரு பட்டியல் வெளியிட்டார். 257 வரையான அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்றுக்கு மட்டும் முதன்மை எண் கிடைக்கும் என்றார். எப்படிக் கண்டார் என்று சொல்லவில்லை. இந்த எண்களுக்கு அவருடைய பெயரே நிலைத்துவிட்டது. அடுக்கு 31க்கு வரும் 2,147,483,647 முதன்மை எண்தான் என்று 1772இல் ஒயிலர் காட்டினார். அப்போது அவருக்கு ஏறக்குறைய முழுமையாகவே பார்வை போயிருந்தது. அதற்குப் பிறகு நூறு வருடங்கள் பட்டியலின் கடைசி மூன்று எண்களும் அப்படியே கிடந்தன.

ஏன் கிடந்தன? அடுக்கு 127க்கு வரும் எண்ணைப் பழைய வழியில் சோதிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் வர்க்கமூலம் வரையுள்ள ஒற்றை எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டும். ஒரு வினாடிக்கு ஒரு வகுத்தல் என்று இரவு பகலாகச் செய்தாலும் 20,000 கோடி வருடங்கள் வேண்டும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி வருடங்கள்தான்.

வகுக்காமல் அறிவது

லூகாஸ் வேறு வழியால் போனார். 1, 1, 2, 3, 5, 8, 13 என்று, முந்திய இரண்டையும் கூட்டி அடுத்ததைப் பெறும் தொடரைப் பலரும் அறிவார்கள். அதற்கு பிபனாச்சி தொடர் என்ற பெயரை நிலைநிறுத்தியவரே லூகாஸ்தான். அதே விதியில் 1, 3 என்று தொடங்கினால் 1, 3, 4, 7, 11, 18, 29, 47 என்று ஒரு தொடர் வரும். அது இன்று அவருடைய பெயரில் லூகாஸ் எண்கள் எனப்படுகிறது. இதில் இரண்டாம், நான்காம், எட்டாம் இடங்களைப் பாருங்கள். 3, 7, 47. ஒன்றை வர்க்கித்து இரண்டைக் கழித்தால் மற்றது வருகிறது. இடத்தை இரட்டிக்க ஒரு வர்க்கமும் ஒரு கழித்தலும் போதும். இந்தத் தொடர்களின் உறுப்புகள் எந்த எண்களால் வகுபடும் என்பதை ஆராய்ந்தபோது, முதன்மை எண்ணை அடையாளம் காணும் ஒரு சோதனை அவருக்குக் கிடைத்தது.

அதை வாசகர்களே செய்து பார்க்கலாம். அக்காவின் மகனுடைய 127ஐ எடுப்போம். அடுக்கு 7. 3இல் தொடங்குங்கள். ஒவ்வொரு படியிலும் வர்க்கித்து, 2ஐக் கழித்து, 127ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 3இலிருந்து 7. 7இலிருந்து 47. 47ஐ வர்க்கித்து 2ஐக் கழித்தால் 2207, மீதி 48. 48இலிருந்து 2302, மீதி 16. 16இலிருந்து 254. அது 127இன் சரியான இரு மடங்கு, மீதி பூச்சியம். அடுக்கை விட இரண்டு குறைவாக, ஐந்து படிகள் செய்திருக்கிறோம். கடைசிப் படியில் பூச்சியம் வந்தால் அது முதன்மை எண். வராவிட்டால் இல்லை. 3இல் தொடங்கும் இந்தச் சோதனை, நான்கால் வகுக்க 3 மீதி வரும் அடுக்குகளுக்கு உரியது. 7, 67, 127 மூன்றும் அப்படிப்பட்டவை.

அடுக்கு 127க்கு 125 படிகள். 20,000 கோடி வருட வேலை 125 வர்க்கங்களாகச் சுருங்கிவிட்டது. ஆனால் ஒவ்வொரு படியிலும் 39 இலக்க எண்ணொன்றை வர்க்கிக்க வேண்டும். ஏறத்தாழ 77 இலக்கங்களில் விடை வரும். அதை மறுபடி 39 இலக்க எண்ணால் வகுக்க வேண்டும். 125 தடவை. ஒரு இடத்தில் ஓர் இலக்கம் பிழைத்தால் எல்லாம் வீண்.

இந்தப் பாரத்தைக் குறைக்க லூகாஸ் செய்த ஏற்பாடு ஒரு விளையாட்டுப் போன்றது. 127 நிரையும் 127 நிரலும் கொண்ட சதுரங்கப் பலகை. எண்களை 0, 1 மட்டும் உள்ள இரும முறையில், காய் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று வைப்பது. இரும முறையில் நம்முடைய எண், 127 ஒன்றுகள் வரிசையாக நிற்பது. பத்தடி முறையில் 99 எப்படியோ அப்படி. 1234ஐ 99ஆல் வகுத்து மீதி காண வகுக்கவே தேவையில்லை. 12ஐயும் 34ஐயும் கூட்டினால் 46, அதுதான் மீதி. அதேபோலப் பலகையின் இடது ஓரத்தைத் தாண்டும் காய்களை வலது ஓரத்தில் கொண்டுவந்து வைத்தால் வகுத்தல் தானாக நடந்துவிடும். பெருக்கல் என்பது காய்களை நகர்த்தி வைப்பதாகிறது. கூட்டல் என்பது ஒரு நிரலில் இரண்டு காய்களை எடுத்து அடுத்த நிரலில் ஒன்றை வைப்பதாகிறது. இன்றைய கணினிகள் உள்ளே செய்வதும் இதுதான். மின்சாரம் வீடுகளுக்கு வராத காலத்தில், மாகாண நகரமொன்றின் பாடசாலை ஆசிரியர் அதைப் பலகையில் யோசித்திருந்தார்.

1876இல் அவர் முடிவை அறிவித்தார். அடுக்கு 127, முதன்மை எண். அவருடைய நிறுவல்களில் சில இடைவெளிகள் இருந்தன. பின்னால் வந்தவர்கள் அவற்றை நிரப்பினார்கள், கணக்கையும் திரும்பச் செய்து பார்த்தார்கள். எண் நின்றது.

அந்த எண்ணுக்குப் பல முகங்கள் உண்டு. அதை அடுக்கு 126க்கு வரும் இரண்டுகளின் பெருக்கத்தால் பெருக்கினால், 77 இலக்கங்களில் ஒரு நிறைவெண் கிடைக்கும். 6இன் காரணிகளான 1, 2, 3 ஐக் கூட்டினால் 6 வருவதுபோல, தன்னைத் தவிர்ந்த காரணிகளைக் கூட்டினால் தானே வரும் எண். இன்னொரு வியப்பும் இருக்கிறது. அடுக்கு 2 என்றால் 3. அடுக்கு 3 என்றால் 7. அடுக்கு 7 என்றால் 127. அடுக்கு 127 என்றால் லூகாஸின் எண். ஒவ்வொன்றும் முதன்மை எண், ஒவ்வொன்றும் அடுத்ததற்கு அடுக்கு. லூகாஸின் அறிவிப்பைப் பார்த்த கத்தலான் என்ற கணித அறிஞர் அதே 1876இல் இந்தச் சங்கிலியைச் சுட்டிக்காட்டினார். அடுத்த கண்ணியும் முதன்மை எண்ணா என்று இதுவரை ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அதை எழுதி முடிக்கவே உலகத்தில் தாள் போதாது.

பெயர் தெரியாத காரணிகள்

லூகாஸ் 1876இல் இன்னொன்றையும் சொன்னார். என்னைப் பொறுத்தவரை அதுதான் பெரியது. மெர்சென் பட்டியலில் இருந்த அடுக்கு 67க்கு உரிய எண் 147,573,952,589,676,412,927. அது முதன்மை எண் இல்லை என்றார். சோதனையின் முடிவில் பூச்சியம் வரவில்லை. அப்படியென்றால் அது எந்த எண்களால் வகுபடும்? அதை அவரால் சொல்ல முடியவில்லை. சோதனை அதைக் காட்டாது. காரணிகள் இருக்கின்றன என்று மட்டும் சந்தேகமின்றிக் காட்டும்.

அந்தக் காரணிகளின் பெயர் தெரிய 27 வருடங்கள் எடுத்தன. 1903 ஒக்டோபரில் பிராங்க் நெல்சன் கோல் என்பவர் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டத்தில் அவற்றை முன்வைத்தார். 193,707,721, 761,838,257,287. பலகையில் ஒரு பக்கம் 67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தார், மறுபக்கம் இந்த இரண்டையும் பெருக்கினார், இரண்டு விடையும் ஒன்றாக வந்ததும் வாய் திறக்காமலே போய் இருந்தார், சபை எழுந்து கைதட்டியது என்று ஒரு கதை பிற்காலத்தில் சொல்லப்பட்டுவந்திருக்கிறது.

இந்த 27 வருடங்களை வாசித்தபோது கொப்பியை மூடி வைத்துவிட்டேன். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் வீதியோரம் இருக்கத் தொடங்கிய நாட்களில் செய்தி சேகரிக்கப் போயிருக்கிறேன். பிறகும் பல தடவை போயிருக்கிறேன். அங்கே இருந்த அம்மாக்களிடம் வந்துபோன பலரும் ஒன்றையே கேட்டார்கள். யார் கொண்டுபோனது, எந்த இலக்க வாகனம், எந்த முகாம். அதற்குப் பதில் இல்லாவிட்டால் நடந்ததே இல்லை என்பது போன்ற ஒரு பார்வை. ஒரு குற்றம் நடந்திருக்கிறது என்பது ஒரு கேள்வி, அதை யார் செய்தது என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு விடை இன்னும் வரவில்லை என்பதால் முதலாவது பொய்யாகிவிடாது. லூகாஸ் 67இல் காட்டியது எண்களைப் பற்றியதுதான். அதை எங்கள் விசயத்துக்கு நிறுவலாக நான் கொண்டுவரவில்லை. ஆனால் இரண்டு கேள்விகளும் வேறு வேறு என்பதை அவ்வளவு தெளிவாக நான் வேறெங்கும் வாசித்ததில்லை.

ஒரு வித்தியாசத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த எண் 27 வருடங்களிலும் மாறாமல் அங்கேயே இருந்தது. கொட்டிலில் இருந்த அம்மாக்களும் அப்பாக்களும் அப்படியில்லை. நான் முதலில் சந்தித்தவர்களில் சிலர் இப்போது இல்லை.

ஓர் உடைந்த தட்டு

1876இல் லூகாஸ் பரிஸுக்கு வந்தார். கடைசிவரை உயர் பாடசாலைகளில்தான் கற்பித்தார். சார்ள்மான், சென் லூயி என்ற இரண்டும் அவர் கற்பித்த பாடசாலைகள். பல்கலைக்கழக நாற்காலி ஒன்றும் வாய்க்கவில்லை. ஆனால் அவருடைய பெரிய ஆய்வுக் கட்டுரை 1878இல் அமெரிக்காவில் புதிதாகத் தொடங்கிய கணித சஞ்சிகையின் முதல் தொகுதியிலேயே வந்தது. கணித விளையாட்டுகள் பற்றி நான்கு தொகுதிகள் எழுதினார். பிள்ளைகள் கொப்பியில் புள்ளிகள் வைத்துக் கோடு கீறிப் பெட்டி பிடிக்கும் விளையாட்டு இருக்கிறதே, அதை முதலில் அச்சில் வெளியிட்டவரும் அவர்தான்.

ஹனோய் கோபுரத்தை அவர் தன் பெயரில் விடவில்லை. சியாம் நாட்டைச் சேர்ந்த குளோஸ் என்ற பேராசிரியர், லி சூ ஸ்தியான் கல்லூரி என்று பெட்டியில் போட்டார். ஆமியான் ஊர் லூகாஸ் என்பதன் பிரெஞ்சு எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் அந்தப் பேராசிரியர் வருவார். சென் லூயி பாடசாலையைக் கலைத்தால் அந்தக் கல்லூரி வரும். காசியில் ஒரு கோவிலில் 64 பொன் வட்டுகளைப் பூசகர்கள் இரவு பகலாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், அது முடியும் நாளில் உலகம் முடியும் என்ற கதையும் அந்த விளையாட்டோடு சேர்ந்து பரவியது. அப்படி ஒரு கோவில் இல்லை. கணக்கு மட்டும் உண்மை. வினாடிக்கு ஒரு வட்டு என்றாலும் 58,000 கோடி வருடங்களுக்கு மேல் செல்லும்.

1891 செப்டெம்பரில் மார்செய் நகரில் ஒரு விஞ்ஞான மாநாடு. விருந்தின்போது பரிமாறியவரின் கையிலிருந்து தட்டுகள் விழுந்து உடைந்தன. தெறித்த ஒரு துண்டு லூகாஸின் கன்னத்தை வெட்டியது. காயத்தில் கிருமி பிடித்தது. அந்தக் காலத்தில் அதற்கு மருந்து இல்லை. ஒக்டோபர் 3ஆம் திகதி இறந்தார். வயது 49. எண் கோட்பாடு பற்றிய அவருடைய நூலின் முதல் தொகுதி அந்த வருடம்தான் வெளிவந்திருந்தது. அடுத்த தொகுதி வரவேயில்லை. ஆட்லறிக்குத் தப்பிய ஒருவரை விருந்து மேசைத் தட்டின் துண்டு ஒன்று கொண்டுபோனதை வாசித்தபோது, போருக்குத் தப்பிவந்து பாம்பு கடித்தும் மோட்டார் சைக்கிளில் அடிபட்டும் இறந்த என் ஊரவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

எண் தொடர்கிறது

லூகாஸின் எண் 75 வருடங்கள் உலகின் மிகப் பெரிய அறியப்பட்ட முதன்மை எண்ணாக இருந்தது. 1951இல் மேசைக் கணிப்பொறி ஒன்றின் உதவியோடு 44 இலக்க எண் ஒன்று அதை முந்தியது. அதே வருடம் கேம்பிரிட்ஜில் ஓர் ஆரம்பகாலக் கணினி 79 இலக்க எண்ணைக் கண்டது. அது லூகாஸின் எண்ணை வர்க்கித்து, 180ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டியது. புதிய சாதனையும் பழையதன் தோளில்தான் ஏறியிருந்தது.

அவருடைய சோதனையை 1930இல் டெரிக் ஹென்றி லேமர் என்ற அமெரிக்கர் செப்பனிட்டார். 3க்குப் பதிலாக 4இல் தொடங்கினால் 2ஐத் தவிர்ந்த எல்லா முதன்மை அடுக்குகளுக்கும் அது பொருந்தும். லூகாஸ் லேமர் சோதனை என்ற பெயரில் அது இன்றும் வேலை செய்கிறது. 1952இல் கணினி ஒன்று அதைக் கொண்டு ஒரே வருடத்தில் ஐந்து புதிய முதன்மை எண்களைத் தந்தது. 2024 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்ட எண்ணின் அடுக்கு 136,279,841. அதற்கு 41,024,320 இலக்கங்கள். அதை உறுதிப்படுத்தவும் அதே சோதனைதான் ஓடியது. மெர்சென் பட்டியலில் இரண்டு பிழைகள், 67, 257. விடுபட்டவை மூன்று, 61, 89, 107. எல்லாம் இப்போது திருத்தப்பட்டுவிட்டன. முந்நூறு வருடங்கள் எடுத்தன, ஆனாலும் திருத்தப்பட்டன.

போன கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் தடித்த மட்டையில் எட்டாவது வட்டு ஒன்றை வெட்டி அடியில் போட்டிருந்தான். 1883இல் லூகாஸ் விற்ற பெட்டியிலும் எட்டு வட்டுகள்தான் இருந்தன என்று சொன்னேன். அதை அவன் பெரிதாக எடுக்கவில்லை. எட்டு வட்டுக்கு 255 நகர்த்தல்கள், அது 5ஆல் வகுபடும், ஆகவே முதன்மை எண் இல்லை என்று எனக்கே விளக்கினான். அடுத்த தடவை வரும்போது பதினொரு வட்டுக்குக் கணக்குப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன். 23 என்ற காரணியை அவன் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று சொல்லாமல் விட்டிருக்கிறேன்.